ஏ லெவல் லத்தீன் இரண்டாவது பேப்பர்: காம்போசிஷனா, காம்ப்ரிஹென்ஷனா?

ஹாரோ அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகள் இந்த வருஷம் இயர் 13, பள்ளியின் கடைசி வருஷம். ஓசிஆர் என்ற தேர்வு போர்டில் லத்தீன் எடுக்கிறாள், ஜூனில் சோதனை. நான்கு பேப்பரில் இரண்டாவதுதான் இப்போது வீட்டில் பெரிய தலையிடி. ஒரே வினாத்தாளில் இரண்டு பகுதி வரும், ஏதாவது ஒன்றைச் செய்தால் போதும். ஒன்று காம்ப்ரிஹென்ஷன், முன்பின் பார்த்திராத லத்தீன் உரைநடையை வாசித்துக் கேள்விகளுக்கு விடை எழுதுவது. மற்றது காம்போசிஷன், ஒரு ஆங்கிலப் பந்தியை லத்தீனில் எழுதுவது.

அவளுடைய வகுப்பில் மற்ற எல்லோரும் காம்ப்ரிஹென்ஷன் பக்கம் போய்விட்டார்கள். ஆசிரியர் "உன் விருப்பம்" என்கிறார். இவளுக்குக் காம்போசிஷன் மேல்தான் ஆசை. ஆனால் எழுதிக் கொடுப்பது எல்லாம் சிவப்பு மையோடு திரும்பி வருகிறது. எனக்கு லத்தீனில் ஒரு எழுத்தும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ: இப்போதே மாற்றிவிடுவதா, தொடர்வதா?

"லத்தீன் எதற்கு, கெமிஸ்ட்ரி எடுக்கச் சொல்லுங்கோ" என்று எழுத நினைப்பவர்கள் அதற்கு வேறு இழை திறக்கவும். அந்தச் சண்டை வீட்டில் முடிந்துவிட்டது, நான் தோற்றுவிட்டேன்.

எண்கணக்கு

அக்கா, முதலில் கணக்கைப் பாருங்கள். இந்தப் பேப்பர் 50 மதிப்பெண், 1 மணி 15 நிமிடம், மொத்தத்தில் 17 சதவீதம். முதல் பேப்பரான அன்சீன் (முன்பு பார்த்திராத லத்தீன் பந்தி) மொழிபெயர்ப்பு 100 மதிப்பெண், 33 சதவீதம். உரைநடை இலக்கியம், கவிதை இலக்கியம் இரண்டும் தலா 25 சதவீதம். அதாவது காம்போசிஷனுக்காக ராப்பகலாக உழைத்தாலும் அது ஆறில் ஒரு பங்குதான்.

என் மகன் காம்ப்ரிஹென்ஷன்தான் எழுதினான். லத்தீன் கண் முன்னால் அச்சில் இருக்கிறது, அரிய சொற்களுக்குப் பொருள் கொடுத்திருக்கிறார்கள், கேள்விகளே கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகின்றன. அன்சீனுக்குச் செய்கிற பயிற்சியே இதற்கும் ஆகிறது. காம்போசிஷனில் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அகராதியும் கிடையாது. மாற்றிவிடச் சொல்லுங்கள்.

டர்ஹம் மூன்றாமாண்டு

நான் கொஞ்ச வருஷம் முன்னால் இதே பேப்பரில் காம்போசிஷன் எழுதினேன், இப்போது கிளாசிக்ஸ் (பழைய கிரேக்க, ரோமன் படிப்பு) படிக்கிறேன். எண்கணக்கு அண்ணாவின் கணக்கு சரி, முடிவு எனக்குச் சரியாகப் படவில்லை.

காம்ப்ரிஹென்ஷனில் என்ன சொல் வரும், எந்த இலக்கணம் வரும் என்பது நம் கையில் இல்லை. ஒரு வரி புரியாமல் போனால் அதையொட்டி இரண்டு கேள்வி போகும். காம்போசிஷனில் சொற்களை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். ஒரு சொல் நினைவுக்கு வரவில்லையா, சுற்றிப் போய்ச் சொல்லலாம். பந்தியும் எப்போதும் ஒரே உலகத்தில்தான் நடக்கும்: தளபதி, தூதர், முற்றுகை, அரசனுடைய மகள், பயந்துபோன குடிமக்கள். ஸ்மார்ட்போனுக்கு லத்தீன் என்ன என்று யாரும் கேட்கப் போவதில்லை.

அப்புறம் இன்னொன்று. காம்போசிஷன் பழகினால் அன்சீனும் தானாக ஏறும். ஒரு சப்ஜங்க்டிவை (நோக்கம், விளைவு, அச்சம் போன்ற துணைவாக்கியங்களில் வரும் வினை வடிவம்) நீங்களே யோசித்து எழுதியிருந்தால், ரோமன் வரலாற்றாசிரியர் லிவியில் அதைப் பார்த்ததும் அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். தலைகீழாக அப்படி நடப்பதில்லை.

லத்தீன் வாத்தியார்

இங்கிலாந்துப் பள்ளிகளில் பல வருடம் லத்தீன் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. பொதுவாகப் பேசி இதைத் தீர்க்க முடியாது. சிவப்பு மை எத்தனை என்பதை விட, எந்த வகைச் சிவப்பு என்பதுதான் முக்கியம். வேற்றுமை விகுதிகளும் வினைத் திரிபுகளும் ஆடிக்கொண்டிருந்தால் காம்ப்ரிஹென்ஷனுக்குப் போய்விடுவது நல்லது. ஜனவரியில் அடித்தளம் போட முடியாது. விகுதிகள் சரியாக இருந்து, வாக்கியம் மட்டும் ஆங்கிலமாக நின்றால், அதைப் பிப்ரவரி விடுமுறைக்குள் சரிசெய்துவிடலாம்.

அவள் எழுதியதில் இரண்டு மூன்று வாக்கியம் இங்கே போடுங்கள் அம்மா. திருத்தாமல், அப்படியே.

ஹாரோ அம்மா

மிக்க நன்றி சேர். அவளே சொல்லச் சொல்ல நான் தமிழ் எழுத்தில் அடித்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இருந்தது ஏறக்குறைய இதுதான்: "நகரத்தைக் கைப்பற்றிய தளபதி, மறுநாள் கைதிகளைக் கொல்லப்போவதாக வீரர்களிடம் சொன்னார். ஆனால் தூதர்களின் வருகை அவருடைய திட்டத்தை மாற்றியது. கைதிகளைக் கொல்ல வேண்டாம் என்று அவர்கள் அவரை இணங்க வைத்தார்கள்."

அவள் எழுதியது:

"டுக்ஸ் உர்பெம் காப்டுஸ் மீலிடிபுஸ் டீக்ஸிட் க்வோட் இஸ் போஸ்டெரோ டியே காப்டீவோஸ் ஓக்கீடெட். ஸெட் அட்வென்டுஸ் லேகாட்டோரும் கோன்ஸிலியும் ஸுயும் மூட்டாவிட். எயும் பெர்ஸ்வாஸேருன்ட் காப்டீவோஸ் நோன் ஓக்கீடெரே."

லத்தீன் வாத்தியார்

நல்ல செய்தி முதலில். பன்மை, ஒருமை, காலம், நான்காவது வகைப் பெயர்ச்சொல் எல்லாம் சரி. இந்தப் பிள்ளைக்கு விகுதி தெரிகிறது. ஆகவே தொடரலாம் என்பது என் கட்சி. இனி ஒவ்வொன்றாக வருவோம்.

"உர்பெம் காப்டுஸ்" என்றால் நகரத்தைக் கைப்பற்றிய தளபதி ஆகாது, தளபதியே பிடிபட்டுவிட்டார். லத்தீனில் இறந்தகாலப் பார்டிசிபிள் (வினையிலிருந்து பிறக்கும் அடைச்சொல்) செயப்பாட்டு வினைதான். "செய்துவிட்டு" என்ற பொருளில் ஒரு செய்வினைப் பார்டிசிபிள் கிடையாது, டிபோனன்ட் வினைகளை (வடிவில் செயப்பாட்டு, பொருளில் செய்வினை) தவிர. அதனால் நகரத்தைத் தனியே கழற்றி அப்லேட்டிவ் அப்சொல்யூட் ஆக்க வேண்டும்: "உர்பே காப்டா", அதாவது நகரம் பிடிபட்ட நிலையில்.

அடுத்து "டீக்ஸிட் க்வோட்", அதாவது "என்று சொன்னான்". சொன்னான், நினைத்தான், கேள்விப்பட்டான் ஆகியவற்றுக்குப் பின்னால் அக்யூஸேட்டிவும் (தமிழின் "-ஐ" வேற்றுமை மாதிரி) இன்ஃபினிட்டிவும்தான் (ஆங்கிலத்தின் "to kill" மாதிரி வடிவம்) வரவேண்டும். கொல்லப்போவது தளபதியேதான் என்பதால் "இஸ்" என்று வேறொருவரைக் கூப்பிடாமல் "ஸே" (தன்னை) போட வேண்டும்: "ஸே போஸ்டெரோ டியே காப்டீவோஸ் ஓக்கீஸூரும் எஸ்ஸே". ஸே, காப்டீவோஸ் இரண்டுமே அக்யூஸேட்டிவ், யார் யாரைக் கொல்கிறார்கள் என்று குழப்பம் வருமே என்று அவள் கேட்பாள். வராது. "ஓக்கீஸூரும்" ஒருமையில் நிற்கிறது, கைதிகள் பன்மை. கொல்பவர் யார் என்பதை அந்த விகுதியே சொல்லிவிடும்.

இரண்டாவது வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றே ஒன்று. "ஸுயும்" எழுவாயைத்தான் பார்க்கும். இங்கே எழுவாய் வருகை. வருகை தன்னுடைய திட்டத்தைத் தானே மாற்றிக்கொண்டதாக ஆகிறது. "எயுஸ்" (அவனுடைய) போட்டால் இலக்கணம் சரியாகிவிடும், ஆனாலும் அது லத்தீன் ஆகாது. "வருகை மாற்றியது", "அச்சம் தடுத்தது" என்று அருவமான ஒன்றை வேலை செய்ய வைப்பது ஆங்கிலத்தின் பழக்கம். ரோமன் உரைநடையில் ஆள்தான் வேலை செய்வான். தூதர்கள் வந்தார்கள், அவன் மாற்றினான்: "கும் லேகாட்டி அட்வேனிஸ்ஸென்ட், கோன்ஸிலியும் மூட்டாவிட்". "கும்" என்றால் இங்கே "வந்தபோது" என்பதில் உள்ள "போது".

மூன்றாவது, பெர்ஸ்வாடேயோ (இணங்க வை) டேட்டிவ் (தமிழின் "-க்கு" வேற்றுமை மாதிரி) கேட்கும் வினை. "எயும்" (அவனை) இல்லை, "எயி" (அவனுக்கு). அதன்பின் இன்ஃபினிட்டிவ் வராது. செய்யும்படி என்றால் உட், செய்ய வேண்டாம் என்றால் நே, இரண்டுக்கும் சப்ஜங்க்டிவ். முதன்மை வினை இறந்தகாலம், ஆகவே சப்ஜங்க்டிவின் இம்பெர்ஃபெக்ட் (ஒருவகை இறந்தகால வடிவம்): "எயி பெர்ஸ்வாஸேருன்ட் நே காப்டீவோஸ் ஓக்கீடெரெட்".

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் மூன்று தனி வாக்கியங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பாணிக்கென்று தனி மதிப்பெண் இருப்பது இதற்காகத்தான். கடைசி இரண்டையும் சேர்த்துவிடலாம்:

"ஸெட் கும் லேகாட்டி அட்வேனிஸ்ஸென்ட் எயிக்வே பெர்ஸ்வாஸிஸ்ஸென்ட் நே காப்டீவோஸ் ஓக்கீடெரெட், கோன்ஸிலியும் மூட்டாவிட்."

தூதர் வந்து, கொல்ல வேண்டாம் என்று அவனை இணங்க வைத்ததும், திட்டத்தை மாற்றினான். முக்கியமான செயல் கடைசியில் வந்து விழுகிறது பாருங்கள். இதில் அலங்காரம் எதுவும் இல்லை. எதை முதன்மை வினை ஆக்குவது என்ற முடிவுதான் பாணி. ரோமன் பேச்சாளர் சிசரோ மாதிரி எழுத வேண்டும் என்று கஷ்டமான சொற்களைத் தேடிப் போகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சொல் எளிமையாக இருக்கட்டும், வாக்கியத்தின் எலும்பு சரியாக இருக்க வேண்டும்.

பழைய செமினேரியன்

வாத்தியார் "க்வோட்" என்று எழுதியதற்குச் சிவப்புக் கோடு போட்டுவிட்டார். குழந்தைக்காக ஒரு சாட்சி சொல்கிறேன். நான் குருமடத்தில் படித்த லத்தீன் வுல்காத்தா பைபிளின் லத்தீன். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் ஒளி நல்லது என்று கடவுள் கண்டார் என்ற இடத்தில் "க்வோட் எஸ்ஸெட் போனா" என்றுதான் இருக்கிறது. கிறிஸ்தவ லத்தீன் முழுக்க இந்தக் "க்வோட்"டும் "க்வியா"வும் தாராளமாக வரும். ஆகவே மகள் எழுதியது அப்படியே ஆகாத லத்தீன் இல்லை, நாலு நூற்றாண்டு பிந்திய லத்தீன்.

ஆனால் தேர்வில் அது செல்லாது, அதுவும் உண்மை. பைபிளை மொழிபெயர்த்த ஜெரோமே இதில் மாட்டிக்கொண்டவர். கனவில் தீர்ப்பு மேடைக்கு முன் நிறுத்தப்பட்டு, "நீ சிசரோக்காரன், கிறிஸ்தவன் அல்ல" என்று திட்டு வாங்கியதாகத் தன் கடிதம் ஒன்றில் அவரே எழுதியிருக்கிறார். ஓசிஆர்காரர்கள் நேர் எதிர். அங்கே சிசரோக்காரனாக இருந்தால்தான் பிழைப்பு. பைபிளும் திருப்பலி லத்தீனும் பழகிய பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், ஜூன் வரை அதை ஓரமாக வைத்துவிட்டு சீசரைப் படியுங்கள்.

டர்ஹம் மூன்றாமாண்டு

ஃபாதர், கலக்கிவிட்டீர்கள்!

ஹாரோ அக்கா, மகளுக்குத் தமிழ் பேச வரும் என்றால் ஒரு வழி சொல்கிறேன். பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லித் தராதது இது. வாத்தியார் மேலே திருத்தியதைத் தமிழில் யோசித்துப் பாருங்கள். "தான் கொல்லப்போவதாகத் தளபதி சொன்னான்" என்றால் கொல்பவன் தளபதி. "அவன் கொல்லப்போவதாகத் தளபதி சொன்னான்" என்றால் வேறு யாரோ. ஸே, எயும் வித்தியாசம் அதேதான். என் கூடப் படித்த ஆங்கிலேயப் பிள்ளைகள் இந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள், எனக்குத் "தான்" கை கொடுத்தது.

"தூதர்களின் வருகை திட்டத்தை மாற்றியது" என்று அம்மம்மா ஒருநாளும் கதை சொல்ல மாட்டார். "தூதர் வந்து சொன்னதும் அவன் மனசை மாற்றிக்கொண்டான்" என்றுதான் சொல்வார். வினை கடைசியில், ஆள் எழுவாயில், மற்றதெல்லாம் எச்சமாக முன்னால். ஆங்கிலப் பந்தியை ஒருமுறை அம்மம்மா வாயில் போட்டு எடுத்தால் பாதி லத்தீன் ஆகிவிடும். நான் தேர்வு அறையிலேயே இப்படித்தான் செய்தேன், தாளில் ஒரு வரி தமிழ் எழுதாமல்.

எண்கணக்கு

தம்பி, இது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்று மொழியைத் தலையில் போட்டுக் கலக்கினால் 1 மணி 15 நிமிடத்தில் வெளியே வர முடியுமா? லண்டனில் பிறந்த பிள்ளைகளின் தமிழும் "வருகை மாற்றியது" மாதிரித்தான் இருக்கும், அதையும் யோசியுங்கள்.

லத்தீன் வாத்தியார்

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி பாதி எடுத்துக்கொள்கிறேன். "தான்" விஷயம் நூறு சதவீதம் சரி. வாக்கியத்தின் உருவத்தைப் பிடிக்கத் தமிழ் உதவும், அதுவும் சரி. மூன்று இடத்தில் தமிழ் காலை வாரிவிடும்.

வினையெச்சம் முதல் இடம். "நகரைப் பிடித்து, வீரரை அழைத்து, சொன்னான்" என்று தமிழ் எச்சங்களைக் கோத்துக்கொண்டே போகும், எல்லாம் செய்வினை. அதை அப்படியே லத்தீனில் போட்டால் பிறப்பது "உர்பெம் காப்டுஸ்"தான். மகள் செய்த பிழைக்கு ஆங்கிலம் மட்டும் காரணம் இல்லை என்று சந்தேகப்படுகிறேன்.

"என்று" இரண்டாவது. "கொல்வேன் என்று சொன்னான்" எனத் தமிழில் பேசியவனின் வார்த்தையை அப்படியே வைக்கலாம். லத்தீனில் அப்படிச் செய்ய வேண்டுமானால் இன்க்விட் ("என்றான்") போட்டு நேர்கூற்றாகவே எழுத வேண்டும். அயற்கூற்றில் தன்மை இடம் படர்க்கையாகியே தீரும்.

காலம்தான் பெரிய பள்ளம். "ஏன் வந்தான் என்று கேட்டான்" என்பதில் தமிழ் கவலையே படாது. லத்தீனில் கேட்டது இறந்தகாலம், வந்தது அதற்கும் முன்னால், ஆகவே "ரோகாவிட் கூர் வேனிஸ்ஸெட்", ப்ளூபெர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ். இந்த ஸீக்வென்ஸ் ஆஃப் டென்ஸஸுக்குத் தமிழில் துணை கிடையாது, மனப்பாடம்தான்.

ஆக, உருவத்துக்கு அம்மம்மா, காலத்துக்கு அட்டவணை.

டர்ஹம் மூன்றாமாண்டு

ஒப்புக்கொள்கிறேன் சார். வினையெச்ச விஷயத்தை நான் யோசிக்கவில்லை.

எண்கணக்கு

சரி, காம்ப்ரிஹென்ஷன் எழுதப்போகும் பிள்ளைகளும் இந்த இழையைப் படிப்பார்கள். அவர்களுக்கும் ஏதாவது சொல்லுங்கள் வாத்தியாரே. ஒருதலையாகப் போகிறது.

லத்தீன் வாத்தியார்

நியாயம்தான். அங்கே மதிப்பெண் போவது பெரும்பாலும் லத்தீன் தெரியாததால் இல்லை, விடை சுருங்குவதால். மூன்று மதிப்பெண் கேள்விக்கு மூன்று விவரம் வேண்டும். "வீரர்கள் பயந்தார்கள்" என்று எழுதிவிட்டு, இரவில், எதிரியின் கூச்சலைக் கேட்டு என்ற இரண்டையும் விட்டுவிடுவார்கள். லத்தீனில் உள்ள ஒவ்வொரு அடைமொழியும் ஏதாவது ஒரு விடையில் போய்ச் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இலக்கணக் கேள்வியில் "ஏன் சப்ஜங்க்டிவ்?" என்றால் "உட் வந்ததால்" என்பது அரை விடை. நோக்கமா, விளைவா, மறைமுகக் கட்டளையா என்று வகையைச் சொல்ல வேண்டும். எதிர்மறையில் நே இருந்தால் நோக்கம் அல்லது கட்டளை, உட் நோன் இருந்தால் விளைவு. இதையும் காம்போசிஷன் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துவிடுகிறார்கள், என்ன செய்வது!

ஹாரோ அம்மா

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மகள் எல்லாவற்றையும் வாசித்தாள் (தமிழ் வாசிக்க வைத்ததற்குத் தனி நன்றி). காம்போசிஷன்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். இரண்டு கேள்வி கேட்கச் சொல்கிறாள். தினமும் என்ன பயிற்சி செய்வது? சோதனை மண்டபத்தில் நேரத்தை எப்படிப் பிரிப்பது? பழைய வினாத்தாள் கொஞ்சம்தான் இருக்கிறதாம், அதை இப்போதே முடித்துவிட்டால் ஏப்ரலில் ஒன்றும் மிஞ்சாது என்கிறாள்.

டர்ஹம் மூன்றாமாண்டு

நேரம் பற்றி நான். முதல் பத்து நிமிடம் லத்தீனே எழுதாதே. ஆங்கிலப் பந்தியில் கோடு மட்டும் போடு: முதன்மை வினை எது, எது எதுக்குள் அடங்கும், "அவன்" வரும் இடத்தில் எல்லாம் எவன். அப்புறம் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுது, திருத்த இடம் வேண்டும். கடைசிக் கால்மணி நேரம் சரிபார்க்க. சும்மா திரும்ப வாசித்தால் பிழை கண்ணில் படாது. ஒரு சுற்று வினைகளை மட்டும் பார், அடுத்த சுற்றில் அடைமொழிகள் எந்தப் பெயரோடு ஒட்டுகின்றன என்று மட்டும், அதற்கடுத்து டேட்டிவ் கேட்கும் வினைகள். நெடில் குறி போட வேண்டியதில்லை.

சொல் மறந்தால் இடத்தைக் காலியாக விடாதே. "முற்றுகையைக் கைவிட்டான்" வரவில்லை என்றால் "இனி நகரத்தைத் தாக்குவதில்லை என்று முடிவு செய்தான்" என்று எழுது.

லத்தீன் வாத்தியார்

பயிற்சிக்கு வினாத்தாளே தேவையில்லை. எலிசபெத் முதலாவது அரசிக்கு ஆசிரியராக இருந்த ரோஜர் ஆஸ்கம் சொன்ன வழி இன்னும் பழசாகவில்லை. அவர் இறந்தபின் 1570இல் அச்சான அவருடைய கல்வி நூலில் இருக்கிறது. ஒரு லத்தீன் பந்தியை ஆங்கிலத்தில் மாற்று, மூலத்தை மூடி வை, இடைவெளி விட்டு அந்த ஆங்கிலத்தைத் திரும்ப லத்தீனாக்கு, மூலத்தோடு ஒப்பிடு. திருத்துபவர் சீசர், சம்பளமும் கேட்க மாட்டார்.

சீசர் எழுதிய கால்லியப் போர் நூலின் முதல் புத்தகத்தில் தொடங்கலாம், நாளுக்கு ஐந்தாறு வரி போதும். ஏழாவது அதிகாரம் "கேஸாரி கும் இட் நூன்டியாட்டும் எஸ்ஸெட்" என்று ஆரம்பிக்கும். ஹெல்வெட்டியர் என்ற இனத்தார் நம் (ரோமன்) மாகாணத்தின் வழியாகப் போகப் பார்க்கிறார்கள் என்ற செய்தி சீசருக்கு எட்டியதும், ரோமை விட்டு விரைகிறார். நம் பிள்ளைகள் எழுதினால் "கும்" முதலில் வரும். அவர் தன் பெயரை டேட்டிவில் தூக்கி அதற்கும் முன்னால் வைத்திருக்கிறார், கதை யாரைப் பற்றியது என்பது முதல் சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. இதை ஒப்பிடும்போது கண்டுபிடித்தால் மறக்காது, நான் சொன்னால் மறந்துவிடும்.

லிவியைக் காம்போசிஷனுக்கு மாதிரியாக எடுக்க வேண்டாம். அன்சீனுக்காகப் படிக்கட்டும். "ஃபேகேருன்ட்" இருக்க வேண்டிய இடத்தில் அவர் "ஃபேகேரே" என்று சுருக்குவார், வேறு இடங்களில் முதன்மை வினையை இன்ஃபினிட்டிவாக ஓட விடுவார். அவர் செய்தால் அழகு, இயர் 13 பிள்ளை செய்தால் திருத்துபவர் பிழை என்று நினைக்கலாம்.

இலக்கணம் வாரியாகப் பயிற்சி வேண்டுமென்றால் பிராட்லி திருத்திய ஆர்னால்டின் லத்தீன் காம்போசிஷன் புத்தகம் இருக்கிறது. பழைய புத்தகம், வாக்கியங்கள் விக்டோரியா காலத்து வாசனை அடிக்கும், முன்னுரை மட்டும் நன்றாகப் படிக்கலாம். தொடக்கம் முதல் கடைசி வரை போட வேண்டாம், தடுக்கும் இடத்தை மட்டும் எடுத்துப் போட்டால் போதும். வினாத்தாள்களை ஈஸ்டர் வரை தொட வேண்டாம்.

ஹாரோ அம்மா

அந்த இரண்டாவது வாக்கியத்தைத் தானே இன்னும் சுருக்கிப் பார்த்தாளாம். "கும்" இல்லாமல்: "லேகாடிஸ் அட்வென்டிஸ் டுக்ஸ் கோன்ஸிலியும் மூட்டாவிட்". உர்பே காப்டா மாதிரியே இதுவும் வருமா என்று கேட்கிறாள்.

லத்தீன் வாத்தியார்

முயற்சி பிடித்திருக்கிறது, ஆனால் வராது. நகரம் பிடிக்கப்படும். தூதர்கள் "வரப்பட" மாட்டார்கள். அட்வேனியோ செயப்படுபொருள் குன்றிய வினை, ஆகவே தூதர்களோடு ஒட்டும் இறந்தகாலப் பார்டிசிபிள் அதற்கு இல்லை. அப்லேட்டிவ் அப்சொல்யூட் வைத்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் டிபோனன்ட் வினைக்குப் போகலாம்: "லேகாடிஸ் இங்க்ரெஸ்ஸிஸ்", தூதர்கள் உள்ளே நுழைந்ததும். இங்க்ரெடியோர் டிபோனன்ட், அதன் பார்டிசிபிளுக்குச் செய்வினைப் பொருள். இல்லையா, "கும்" போட்டுவிட்டு நிம்மதியாக அடுத்த வரிக்குப் போகட்டும்.

அடுத்த முறை அவள் போடும் பந்தியில் "பயந்தான்" என்று ஒரு வினை இருக்கட்டும். வந்துவிடுவார்களோ என்று பயந்தால் நே, வராமல் போய்விடுவார்களோ என்று பயந்தால் உட், அல்லது நே நோன். எல்லாரும் அங்கேதான் மாற்றி எழுதுவார்கள், அவள் என்ன செய்கிறாள் பார்க்கலாம்.